குளிர் மலையிலே ஒரு கொதிப்பு

கந்தப்பளையில் வாழ்வோர் வெப்பத்தைப் பற்றி முறையிடுவது அரிது. நுவரெலியாவிலிருந்து இராகலை நோக்கிச் செல்லும் பாதையிலே, கடல் மட்டத்துக்கு ஆறாயிரம் அடிக்கு மேற்பட்ட உயரத்தில் இருக்கின்றது இவ்வூர். தை, மாசி மாதங்களில் சில விடியற் பொழுதுகளில் உறைபனி படிந்து, மரக்கறிப் பாத்திகள் சுண்ணாம்பு தூவியது போல வெளுத்துக் கிடப்பதுண்டு. ஏனைய நாட்களிலும் மூடுபனிக்குக் குறைவில்லை. சூடு என்பது இங்கே தேநீர்க் கோப்பையிலும் அடுப்பங்கரையிலும் நாடிச் சென்று பெறவேண்டிய ஒரு பாக்கியம். இத்தகைய ஊரில் ஓர் இயந்திரம் சூடு தாளாமல் மூச்சடைத்து நின்றுவிடுகின்றது என்று எவரேனும் சொன்னால், கேட்போர் சிரிப்பதில் வியப்பில்லை. "யன்னலைத் திறந்து வையுங்கள், சரியாகிவிடும்" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். யன்னலைத் திறந்து வைத்தும் சரியாகாத ஒரு சூட்டைப் பற்றியே நாம் இங்கு எழுத முற்படுகின்றோம்.

எம்மிடம் உயர்தர வகுப்பில் பௌதிகவியல் கற்ற மாணவி ஒருத்தி. தாய் கொழுந்து பறிப்பவர். தமையன் கொழும்பிலே ஒரு கடையில் வேலை. மாணவி கணினியில் உருவங்களை வார்த்து அவற்றை நடமாட வைக்கும் கலையைப் பயின்று, இப்போது லயத்து வீட்டின் ஒரு மூலையில் இருந்துகொண்டே கடல் கடந்த நிறுவனமொன்றுக்கு வேலை செய்து கொடுக்கின்றாள். முடித்துக் கொடுத்தால் ஊதியம். தவணை தப்பினால் அடுத்த வேலை வேறொருவருக்கு. இந்தத் தொழிலுக்கு உயிர்நாடியாக இருப்பது கணினியினுள்ளே செருகப்பட்டிருக்கும் கிராபிக்ஸ் அட்டை. எங்கள் நாட்டுக் கடைகளில் அதை இன்றும் 'வி.ஜி.ஏ. கார்ட்' என்றே கேட்டு வாங்குகின்றார்கள். வி.ஜி.ஏ. என்பது 1987இல் ஐ.பி.எம். நிறுவனம் கொண்டுவந்த ஒரு திரைக்காட்சி முறையின் பெயர். அந்த முறை வழக்கொழிந்த பின்னும் பெயர் மட்டும் எம்மிடையே உயிரோடிருக்கின்றது.

அவளிடம் இருந்த அட்டை சாதாரணமானதன்று. நீரினாற் குளிரூட்டப்படும் வகை. புதிதாக வாங்க வசதி ஏது? தமையன் கொழும்பில் ஒருவரிடம் பழையதாக வாங்கி அனுப்பியிருந்தான். 2022 செப்டெம்பர் 15ஆம் திகதி 'எதீரியம்' என்னும் மின்னாணயம் தன் கணக்கு முறையை மாற்றிக்கொண்டது. அதுவரை அந்நாணயத்தை ஈட்டுவதற்காக அல்லும் பகலும் ஓடிக்கொண்டிருந்த கிராபிக்ஸ் அட்டைகள் அன்றோடு வேலையிழந்து, உலகெங்கும் பழைய பொருட் சந்தைக்கு வந்தன. இவளுடையதும் அப்படி உழைத்து ஓய்ந்த ஓர் அட்டையாகவே இருந்திருக்க வேண்டும் என்று விற்றவர் சொன்ன விவரங்களிலிருந்து விளங்கிற்று.

ஒரு ஞாயிறு காலை அவள் எம்மிடம் வந்தபோது கையில் ஒரு தாள் இருந்தது. அதிலே கணக்கு. நாற்பது வினாடி ஓடும் படம். வினாடிக்கு 25 சட்டங்கள். ஆக ஆயிரம் சட்டங்கள். அட்டை சுகமாயிருந்தால் ஒரு சட்டத்துக்கு ஆறு நிமிடம். நூறு மணித்தியாலத்தில், அதாவது நான்கு நாளும் சொச்சமும் கழிய, வேலை முடியும். இப்போதோ அது சூடேறித் தளர்ந்து, சட்டமொன்றுக்கு இருபது நிமிடம் எடுப்பதும், இடையிடையே திரை கறுத்து நின்றுவிடுவதுமாக இருக்கின்றது. அந்தக் கணக்குப்படி பதினான்கு நாள். தவணைக்கு இருந்தவையோ ஒன்பதே நாட்கள்.

"டவுன்ல கடையில காட்டுனேன் சேர். இது சரிவராது, புதுசு வாங்குன்னு சொல்லிட்டாங்க" என்றாள். புதியதன் விலையைச் சொன்னாள். அவளுடைய தாயார் பல மாதம் மலையேறி இறங்கினாலும் அத்தொகை சேராது.

நாம் அன்று மாலையே அவர்கள் வீட்டுக்குச் சென்றோம். அட்டைக்கு வந்த நோயைச் சொல்லுமுன் அதன் உடலமைப்பை வாசகர்களுக்குச் சற்று விளக்க வேண்டும். இத்தகைய அட்டையின் நடுவே உள்ள சிலிக்கன் சில்லு, பெரியதாயின் ஏறக்குறைய ஆறு சதுர சதமமீற்றர் பரப்புடையது. ஒரு தபால் முத்திரை அளவுதான். முழு வேகத்தில் ஓடும்போது அது முந்நூறு வாற்று மின்வலுவை உட்கொள்ளும். உட்கொண்டது அத்தனையும் இறுதியில் வெப்பமாகவே வெளிவரும். ஒரு சதுர சதமமீற்றருக்கு ஐம்பது வாற்று என்று கணக்கிட்டுக் கொள்ளலாம். எங்கள் வீடுகளிலுள்ள மின்னடுப்பின் தட்டு, பார்வைக்குச் செந்தணலாக இருந்தாலும், ஒரு சதுர சதமமீற்றருக்கு ஆறு ஏழு வாற்றைத் தாண்டாது. தபால் முத்திரையின் பரப்பிலே மின்னடுப்பினும் ஏழெட்டு மடங்கு செறிந்த வெப்பம்! அதை அங்கேயே இருக்கவிட்டால் சில வினாடிகளில் சில்லு பாழாகிவிடும். அதனாலேயே, சூடு எல்லை கடந்தால் வேகத்தைக் குறைக்கவும், அதற்கும் அடங்காவிட்டால் அணைந்துவிடவும் அதற்குள் ஏற்பாடு செய்திருக்கின்றார்கள்.

வெப்பத்தை அழிக்க எவராலும் இயலாது; ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்குக் கொண்டுசெல்லவே இயலும். சில்லின் மேல் ஒரு செப்புத் தகடு பதிந்திருக்கும். சில்லுக்கும் தகட்டுக்கும் இடையே உள்ள கண்ணுக்குத் தெரியாத மேடுபள்ளங்களை நிரப்ப ஒரு வெப்பக் களிம்பு பூசப்பட்டிருக்கும். தகட்டின் மறுபுறத்தில் மயிரிழை போன்ற நுண்ணிய வரிகளினூடே நீர் ஓடும். அந்த நீரை ஒரு சிறு பம்பி தள்ள, இரண்டு இரப்பர்க் குழாய்கள் வழியே அது ஒரு ரேடியேட்டருக்குச் சென்று, அங்கே விசிறிக் காற்றில் வெப்பத்தை உதறிவிட்டு மீண்டு வரும். லொறிகளின் முன்புறத்தில் நாம் காணும் ரேடியேட்டரின் குட்டித் தம்பிதான் இது. நீரைத் தெரிந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. ஒரே கனவளவான காற்றையும் நீரையும் ஒரு பாகை சூடேற்றுவதாயின், நீருக்குக் காற்றைவிட மூவாயிரத்தைந்நூறு மடங்களவு வெப்பம் வேண்டும். அவ்வளவு சுமையைத் தூக்கிச் செல்லக் கூடியது அது.

நாம் இதை மாணவிக்கு நினைவூட்டிக்கொண்டிருந்தபோது, அடுப்படியில் இருந்த தாயார் கேட்டுக்கொண்டே வந்து நின்றார். "அப்ப கொழுந்து மாதிரிதானே சேர்?" என்றார். எமக்கு விளங்கவில்லை. அவரே விளக்கினார்: "நாங்க பறிச்சு மடுவத்துல கொண்டாந்து போடுறோம். லொறி வந்து ஸ்டோருக்கு ஏத்திக்கிட்டுப் போகுது. லொறி வராட்டி மூட்டைக்குள்ள கைய விட்டுப் பாருங்க, சுடும். பனியில பறிச்ச கொழுந்தா இருந்தாலும் சுடும்."

இதனினும் தெளிவான விளக்கத்தை நாம் எந்தப் பாடநூலிலும் கண்டதில்லை. பறித்த கொழுந்து உடனே இறந்துவிடுவதில்லை, அது சுவாசித்துக்கொண்டேயிருக்கின்றது, சுவாசத்தோடு வெப்பமும் பிறக்கின்றது. மூட்டையில் அமுங்கிக் கிடந்தால் அவ்வெப்பம் வெளியேற வழியில்லாமல் இலை சிவந்துபோகும். வெளியே எலும்பை நடுக்கும் குளிராக இருக்கலாம். மூட்டையின் நடுவிலுள்ள இலைக்கு அதனால் என்ன பயன்? சில்லு பறிப்பவர், செப்புத் தகடு மடுவம், நீர் லொறி, ரேடியேட்டர் ஸ்டோர். கந்தப்பளையின் குளிர் ஸ்டோரின் வாசலில் காத்துக்கொண்டுதான் இருக்கின்றது. சரக்கு வந்து சேரவேண்டுமே! ஆகவே எமது கேள்வி, 'ஏன் சூடு?' என்பதன்று, 'லொறி எங்கே நின்றுவிட்டது?' என்பதே.

அயலவர்கள் அதுவரை செய்திருந்த வைத்தியங்களையும் கூறவேண்டும். யன்னலைத் திறந்தார்கள், மேசை விசிறியை எதிரே வைத்தார்கள், ஒரு தம்பி பனிக்கட்டியைப் பொலித்தீன் பையில் இட்டுப் பெட்டியின் மேல் வைக்கவும் ஆயத்தமாக இருந்திருக்கின்றார். கடைசி வைத்தியம் நடவாமற் போனது நல்லூழ். பனிக்கட்டிப் பையின் புறத்திலே காற்றிலுள்ள ஈரம் துளித்துளியாகக் கோத்து மின்சுற்றுகளில் இறங்கியிருக்கும். மூடுபனியோடு யன்னலைத் திறந்து வைப்பதும் நல்லதன்று. குளிரில் கிடந்த பொருளை அடுப்படிச் சூட்டுக்குக் கொண்டுவந்தால், மூக்குக் கண்ணாடி மங்குவது போல அதன் மேலும் ஈரம் படியும். போகட்டும், இன்னுமொன்று. மலைநாட்டுக் காற்று குளிர்ந்தது என்பது உண்மை, ஆனால் மெலிந்தது. இந்த உயரத்துக் காற்று, கொழும்பின் சூடான காற்றோடு ஒப்பிட்டாலும், ஆறில் ஒரு பங்கு அடர்த்தி குறைந்தது. விசிறி அதே வேகத்திற் சுற்றினாலும் அள்ளிச் செல்லும் காற்றின் அளவு அந்த விகிதத்தில் குறையும். குளிரினால் வரும் இலாபம் இந்த நட்டத்தை ஈடுசெய்து மிஞ்சுகின்றது; எனினும் மலையில் இருக்கின்றோம் என்ற ஒரே காரணத்தால் கவலையற்றிருக்க முடியாது.

இனி ஆராய்ச்சி. கணினியின் வெப்பநிலைகளைத் திரையிற் காட்டும் இலவச நிரல்கள் பல உண்டு. அவற்றில் ஒன்றை ஓடவிட்டு, கையிலே கடிகாரத்தோடு அமர்ந்தோம். அந்த நிரலில் பார்க்கவேண்டிய எண்கள் இரண்டு. ஒன்று சில்லின் பொது வெப்பநிலை. மற்றது, சில்லெங்கும் பதிக்கப்பட்ட பல உணரிகளில் மிகக் கூடியதைக் காட்டும் உச்சப் புள்ளி வெப்பநிலை. ஓய்வாக இருந்தபோதே பொது வெப்பநிலை 48 பாகை. அறையோ 16 பாகை. வேலை கொடுத்தோம். அரை நிமிடத்தில் 79. இரண்டாம் நிமிடத்தில் 88. உச்சப் புள்ளி 108. உடனே வேகம் தளர்ந்தது. சிறிது நேரத்தில் திரை கறுத்தது.

வெப்பநிலை எவ்வளவு என்பதைவிட அது எப்படி ஏறியது என்பதே நோயைக் காட்டும். வேலை தொடங்கிய கணமே பாய்ந்தேறினால், சில்லுக்கும் தகட்டுக்கும் இடையே தொடர்பு கெட்டிருக்கும், களிம்பின் குற்றம். கால் மணி நேரம் மெதுமெதுவாக ஏறி, ரேடியேட்டரும் தொட்டாற் சுடுமாயின், சரக்கு ஸ்டோருக்கு ஒழுங்காக வந்திருக்கின்றது, அங்கேதான் தேங்கிவிட்டது, விசிறியையோ தூசியையோ பார்க்க வேண்டும். இவ்விரண்டுக்கும் நடுவே, ஓரிரு நிமிடத்தில் ஏறி, ரேடியேட்டர் மட்டும் குளிர்ந்தே இருந்தால், வழியிலே போக்குவரத்து இல்லை. நாம் மாணவியிடம், "ரேடியேட்டரைத் தொட்டுப் பார்" என்றோம். தொட்டாள். "பச்சைத் தண்ணி மாதிரி இருக்கு சேர்." குழாய்களைத் தொட்டாள். அட்டைக்கு அண்மையில் இரண்டும் இளஞ்சூடு. ஒரு சாண் தள்ளி இரண்டும் குளிர். லொறி மடுவத்தை விட்டுக் கிளம்பவேயில்லை.

பம்பி செத்துவிட்டதா? அதை அறிய விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டியதில்லை. நீண்ட திருப்புளியொன்றின் நுனியை, மின்சுற்றில் படாதபடி, பம்பியின் பிளாஸ்டிக் மூடியில் மெல்லத் தொடவைத்து, பிடியைக் காதருகே கொண்டுசென்றோம். பழைய மோட்டார் மெக்கானிக்குகள் எஞ்சினைச் சோதிக்கும் முறை இது. சீரான ரீங்காரம் கேட்டது. ஆகவே பம்பி சுற்றுகின்றது. ஆனால் ரீங்காரத்தினூடே இடையிடையே 'களக், களக்' என்று ஓர் ஒலி. வாய் குறுகிய குடத்திலிருந்து நீர் ஊற்றும்போது எழுவதைப் போன்றது. அந்த ஒலி எமக்குப் போதுமாயிருந்தது. பம்பியினுள்ளே காற்று.

பெட்டிக்குள் குனிந்து பார்த்ததும் காரணமும் தெளிவாயிற்று. ரேடியேட்டர் பெட்டியின் அடித்தளத்தில் பூட்டப்பட்டிருந்தது. அட்டையும் அதன் மேலிருந்த பம்பியும் அதற்கு ஒரு முழம் மேலே. பின்புறத்தின் மேல்வாயிலில் ஏற்கெனவே வேறொரு விசிறி இருந்ததால், இடம் கிடைத்த இடத்தில் எவரோ பூட்டிவிட்டார்கள். காற்றுக் குமிழி மேலேறும் என்பது குழந்தைக்கும் தெரியும். குழாய்ச் சுற்றிலே எது மிக உயர்ந்த இடமோ அங்கே காற்றெல்லாம் போய்ச் சேரும். அந்த இடம் பம்பியாக இருந்தால், அது நீரைத் தள்ளுவதற்குப் பதிலாகக் காற்றை அளைந்துகொண்டிருக்கும். ரேடியேட்டரின் மேற்பகுதி பம்பியைவிட உயரத்தில் இருக்கவேண்டும் என்பது இவ்வகைக் குளிரூட்டிகளின் முதல் விதி. அப்போது காற்று ரேடியேட்டரின் தலைப்பில் ஒதுங்கித் தொல்லையின்றி இருந்துவிடும்.

'முத்திரையிட்டு மூடிய சுற்றுக்குள் காற்று எங்கிருந்து வந்தது?' என்று வாசகர் வினவலாம். நியாயமான வினா. தொழிற்சாலையில் நிரப்பும்போதே சிறிதளவு காற்று உள்ளே தங்கியிருக்கும். அன்றியும் இரப்பர்க் குழாய் முற்றாக நீர் புகாததன்று. ஆண்டுக்கணக்கில், அதிலும் அல்லும் பகலும் சூட்டிலே ஓடிய அட்டையில், நீர் துளி துளியாக அல்ல, மூலக்கூறு மூலக்கூறாகக் குழாய்ச் சுவரினூடே வெளியேறுகின்றது. எங்கும் கசிவு தெரியாது. ஆனால் உள்ளே நீரின் அளவு குறைந்து, குமிழி வளரும். புதிதாக இருந்தபோது இந்த அட்டை கீழே பூட்டப்பட்டிருந்தாலும் ஓடியிருக்கக் கூடும். முதுமையில் நிற்கும் நிலையே உயிருக்கு உலை வைக்கின்றது.

மின்னிணைப்பைக் கழற்றினோம். கழற்றிய பின்னும் இயக்கும் பொத்தானைச் சில வினாடி அழுத்தி எஞ்சிய மின்னேற்றத்தைப் போக்கினோம். பின்புற விசிறியைக் கீழே மாற்றி, ரேடியேட்டரை மேல்வாயிலில் பூட்டினோம். பின்னர் பெட்டி முழுவதையும் இருவர் பிடித்து, தொட்டிலைப் போல முன்னும் பின்னும் பலமுறை சரித்தோம். குமிழிகள் இடம்பெயரும் ஓசை நன்றாகக் கேட்டது. மீண்டும் இயக்கி, ஓய்வு நிலையில் ஓடவிட்டு, இன்னுமொரு முறை சரித்தோம். ஐந்து நிமிடத்தில் 'களக்' ஒலி அடங்கிற்று. மாணவி குழாயிற் கை வைத்தாள். "சேர், சுடுது!" என்று அவள் கூவியதைக் கேட்டு, ஏதோ விபரீதம் என்று பக்கத்து வீட்டார் எட்டிப் பார்த்தனர். குழாய் சுடுவதற்காக மகிழ்ந்த கூட்டத்தை அவர்கள் அன்றுதான் கண்டிருப்பார்கள்.

நிலை எந்த அளவு சூட்டை மாற்றும் என்பதற்கு உலகறிந்த சான்றொன்று உண்டு. 2022 டிசம்பரில் ஏ.எம்.டி. நிறுவனம் 'ரேடியான் ஆர்.எக்ஸ். 7900 எக்ஸ்.டி.எக்ஸ்.' என்ற அட்டையை வெளியிட்டது. அதில் பம்பி இல்லை. தட்டையான செப்புக் கூடொன்றில் சிறிதளவு நீர் மட்டும் அடைக்கப்பட்டிருக்கும். சில்லின் மேல் ஆவியாகி, குளிர்ந்த பக்கத்தில் மீண்டும் நீராகி, திரி போன்ற உட்சுவர் வழியே திரும்பி வரும். (இங்கே நீர் 94 பாகையளவிலேயே கொதித்துவிடுவதால் பருப்பு வேகத் தாமதமாகும் என்பது எங்கள் இல்லத்தரசிகள் அறிந்தது. அந்தக் கூடோ இறுக மூடியது. தன் உள்ளழுத்தத்துக்கு மட்டுமே கட்டுப்பட்டது. மலையா கடற்கரையா என்று அதற்குத் தெரியாது.) வாங்கியவர்களில் சிலருக்கு உச்சப் புள்ளி 110 பாகையைத் தொட்டது. ஜெர்மனியைச் சேர்ந்த ரோமன் ஹார்ட்டுங் என்னும் ஆய்வாளர் அத்தகைய அட்டைகளைத் திரட்டி, கிடையாகவும் நெடுக்காகவும் வைத்துச் சோதித்து, நிலையை மாற்ற வெப்பநிலையும் மாறுவதைக் காட்டினார். களிம்பிலோ திருகாணியிலோ அன்று, கூட்டின் உள்ளேயே குறை என்பது அதனால் தெரிந்தது. ஒரு தொகுதிக் கூடுகளில் போதிய நீர் இல்லை என்று 2023 ஜனவரியில் நிறுவனமே ஒப்புக்கொண்டது. ஒரு கரண்டிக்கும் காணாத நீர்! அதன் குறைவே அவ்வளவு பெரிய பொறியின் வேகத்தைக் கெடுத்துவிட்டது.

மாணவியின் அட்டைக்குத் திரும்புவோம். அரை மணி நேரம் முழு வேகத்தில் ஓடவிட்டபோது சில்லு 66 பாகையில் நின்றது. வேகம் தளரவில்லை. ஆயினும் எமக்கு நிறைவு உண்டாகவில்லை. ஏனெனில் உச்சப் புள்ளி 97. இரண்டுக்குமிடையே 31 பாகை வேற்றுமை. பதினைந்து, இருபது என்றால் பொறுக்கலாம். இவ்வளவு இடைவெளி என்றால், தகடு சில்லின் ஒரு பகுதியை நன்றாகத் தொடவில்லை என்றே பொருள். ஆண்டுக்கணக்கில் சூடேறியும் குளிர்ந்தும் விரிந்து சுருங்கிய அட்டைகளில், களிம்பு நடுவிலிருந்து ஓரங்களுக்குப் பிதுங்கிச் செல்வது வழக்கம். நடுவிலே வெறும் இடம். ஒரு நோய் மற்றொரு நோயை மறைத்துக்கொண்டிருந்திருக்கின்றது.

மாணவி வேலையை அன்றிரவே தொடங்கிவிட விரும்பினாள். அவள் தவிப்பு எமக்கு விளங்கியது. எனினும் 97 பாகையில் நூறு மணி நேரம் இடைவிடாது ஓடவிட்டு, தொண்ணூறாவது மணியில் நின்றுவிட்டால் என்ன செய்வது? களிம்பு கொழும்பிலிருந்து வரவேண்டும். தமையனிடம் சொல்லி அன்றே அனுப்பச் செய்தோம். மூன்று நாள் சென்றது. அந்த மூன்று நாளும் அவள் அட்டையின் வேக எல்லையை அரைப் பங்குக்குக் குறைத்து வைத்துச் சிறுசிறு சட்டங்களை ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். வலுவைக் குறைத்தால் வெப்பமும் குறையும். மடுவத்தில் இடமில்லாவிட்டால் பறிப்பதைச் சற்று நிறுத்தி வைப்பது போல.

களிம்பு வந்தது. உலோகத்தைத் தொட்டு உடலின் மின்னேற்றத்தைப் போக்கிக்கொண்டு, திருகாணிகளை மூலைக்கு மூலை மாறி மாறித் தளர்த்தித் தகட்டை எடுத்தோம். எதிர்பார்த்தபடியே நடுப்பகுதி வறண்டு வெளிறிக் கிடந்தது. அற்ககோல் தோய்த்த துணியால் பழையதைத் துடைத்து, புதியதைச் சில்லின் முழுப் பரப்பிலும் மெல்லியதாகப் பரப்பினோம். சுற்றியுள்ள நினைவகச் சில்லுகளின் மேல் இருந்த மெத்தைத் துண்டுகள் கிழியாமல் இருந்தன, அவற்றைத் தொடவில்லை. மாற்றுவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: பழையதன் தடிப்புக்குச் சரியான தடிப்பிலேயே புதியதும் இருக்கவேண்டும். அரை மில்லிமீற்றர் கூடினாலும் தகடு அதன் மேல் ஏறி நின்று, நடுச் சில்லைத் தொடாமற் போய்விடும். நல்லது செய்யப் போய்க் கெடுதி செய்த கதையாகும்.

ஊரிலே மின்சார வேலை தெரிந்த இளைஞர் ஒருவர் இன்னுமொரு யோசனை கூறினார்: ரேடியேட்டரில் சிறு துளையிட்டு, குறைந்த நீரை நிரப்பி, மீண்டும் அடைத்துவிடலாம். அவருடைய கைத்திறனில் எமக்கு ஐயமில்லை. ஆனால் உள்ளே இருப்பது வெறும் நீரன்று. துருவையும் பாசியையும் தடுக்கும் மருந்துகள் அளவறிந்து கலந்தது. ரேடியேட்டர் பெரும்பாலும் அலுமினியம், தகடு செப்பு. இவ்விரு உலோகங்களும் ஒரே நீரில் தோய்ந்திருந்தால், மின்கலத்தில் நிகழ்வது போல அலுமினியம் அரிபட்டுப் போகும். அதைத் தடுத்து வைத்திருப்பது அந்த மருந்துக் கலவையே. எங்கள் மலையின் பீலித் தண்ணீர் எவ்வளவு தெளிந்ததாயினும், அதை உள்ளே விட்டால் சில மாதங்களில் அரிப்புப் பொடியும் பாசியும் சேர்ந்து மயிரிழை வரிகளை அடைத்துவிடும். பிறகு எந்தப் பக்கம் சரித்தாலும் பயனில்லை. அந்த யோசனையை அவரே கைவிட்டார்.

பூட்டி முடித்து இயக்கியபோது இரவு எட்டு மணி. ஒரு மணி நேர முழு வேகத்தின் பின் சில்லு 62, உச்சப் புள்ளி 76. தவணைக்கு ஐந்து நாட்களும் சில மணித்தியாலங்களும் எஞ்சியிருந்தன. வேலை நூறு மணித்தியாலம். மின்சாரம் மட்டும் நிற்கக்கூடாதே என்று தாயார் சுவாமி படத்துக்கு விளக்கேற்றி வைத்தார். ஒரு தடவை, அரை மணி நேரம், நிற்கத்தான் செய்தது. ஒவ்வொரு சட்டமும் தனித்தனியே சேமிக்கப்பட்டிருந்ததால் இழப்பு ஒரே சட்டத்தோடு போயிற்று. தவணைக்கு அரை நாள் முன்பே படம் கடல் கடந்தது.

எம்மிடம் பயில்வோர் சிலர், இது ஒரு பழைய அட்டையின் கதைதானே என்று நினைக்கக் கூடும். 1985இல் வெளிவந்த 'கிரே-2' என்னும் மாபெருங் கணினி, மின்சுற்றுகள் முழுவதையும் மின் கடத்தாத ஒரு திரவத்தில் மூழ்கடித்து ஓடியது. இன்று செயற்கை நுண்ணறிவுக்கென என்விடியா நிறுவனம் 2024இல் அறிவித்த இயந்திரத் தொகுதியொன்று, ஓர் அலுமாரியளவே இருந்துகொண்டு ஏறத்தாழ 120 கிலோவாற்றை உட்கொள்கின்றது. அதற்கும் நீரோட்டமே கதி. அவ்வியந்திரங்களைப் பராமரிக்கப் போகின்றவர்களும் முதலிற் செய்யப்போவது, நீர் போகும் குழாயின் வெப்பநிலையையும் வரும் குழாயின் வெப்பநிலையையும் ஒப்பிட்டுப் பார்ப்பதுதான். லயத்து வீட்டில் கையால் தொட்டுப் பார்த்ததை அவர்கள் உணரிகளால் அறிவார்கள்.

இந்த அட்டை என்றென்றும் உழைக்கும் என்று நாம் அவளுக்கு உறுதி கூறவில்லை. குழாயினூடே நீர் குறைவது நிற்கப்போவதில்லை. ஓராண்டோ ஈராண்டோ கழித்துக் குமிழி ரேடியேட்டரின் தலைப்பையும் நிரப்பிக்கொண்டு பம்பியை எட்டும். ஆகவே அந்த ஊதியத்தில் ஒரு பங்கைப் புதிய அட்டைக்கென வங்கியில் இடும்படி கூறினோம், இட்டாள். கிழமைக்கொரு முறை பூச்சுத் தூரிகையால் ரேடியேட்டரின் தூசியைத் தட்டவும், விறகடுப்பின் புகை படாத பக்கத்துக்குப் பெட்டியை மாற்றவும் கூறினோம். புகைப் பிசினோடு சேர்ந்த தூசி வெறும் தூசியைப் போல் உதிராது.

அவள் ஒரு பயிற்சிக் கொப்பியில் ஞாயிறுதோறும் மூன்று எண்களைக் குறித்து வருகின்றாள்: அறை, சில்லு, உச்சப் புள்ளி. அறையின் எண்ணைக் கழித்து மிஞ்சுவதைப் பார்த்தால்தான் பருவத்தின் மாற்றம் எது, அட்டையின் மாற்றம் எது என்பது தெரியவரும். சென்ற கிழமைப் பக்கத்தில் 17, 63, 77 என்றிருந்தது. அதன் கீழே தாயாரின் பேச்சிலேயே ஒரு கேள்வி, "லொறி வந்துச்சா?" என்று எழுதி, அதற்கு நேரே சரி அடையாளம் இட்டிருந்தாள்.